மூடாமல் விட்ட இணைப்புகள்

...கேபிளாகத்தான் இருக்கும், வேறென்ன, டேட்டாபேஸ் அவள் கையில் வளர்ந்த பிள்ளை, அது இப்படி மானத்தை வாங்காது, நேற்று சாயங்காலம் வரைக்கும் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது இன்று காலை ஆஸ்பத்திரி முழுக்க ஒரு திரை பாக்கியில்லாமல் ‘இணைப்பு கிடைக்கவில்லை’ என்று காட்டுகிறதென்றால் நடுவில் யாரோ எதையோ பிடுங்கியிருக்கிறார்கள், யாரோ என்ன யாரோ, அந்தக் கேபிள்காரர்தான், போன வாரம் இரண்டாம் மாடியில் ஏதோ பெட்டியை மாற்றினார், மாற்றிவிட்டு ஒரு வார்த்தை சொன்னாரா, சொல்லியிருப்பார், அவள்தான் காதில் வாங்கியிருக்க மாட்டாள்... போன் மறுபடி அடித்தது. பதிவு கவுண்டர். அதை வைத்ததும் ரத்தப் பரிசோதனைக் கூடம். அதையும் வைத்தால் மருந்துக் கடை. எல்லோருக்கும் ஒரே கேள்விதான், எப்ப மேடம் வரும், ஏதோ பஸ்ஸைக் கேட்பதுபோல. வந்துவிடும், வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே அவள் தன் கணினியிலிருந்து டேட்டாபேஸுக்குள் நுழையப் பார்த்தாள். அது அவளையும் வெளியே நிறுத்தியது. உள்ளே இடமில்லையாம், எல்லா இருக்கையிலும் ஆள் இருக்கிறதாம், நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைத்த இருக்கைகள்கூட இல்லையாம். அதை அங்கே போட்டு வைத்ததே அவள்தான், அவளுக்கே இல்லையா? சரி, அதுவும் லைன் கோளாறால்தான் வரும், லைன் விட்டு விட்டு வந்தால் பழைய இணைப்பு செத்தது இந்தப் பக்கம் தெரியாது, அது பாட்டுக்கு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், மேலே மேலே புதிது வந்து நிரம்பும், பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஆகவே கேபிள்காரர்தான். இப்படி ஒரு முடிவுக்கு வந்த பிறகு மனதுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை அப்போதே அவள் கவனித்திருக்க வேண்டும்.

கேபிள்காரர் என்பது நெட்வொர்க் பார்ப்பவருக்கு அலுவலகம் வைத்த பெயர். முறையான பதவிப் பெயர் ஒன்று அவருக்கும் உண்டு, அடையாள அட்டையில் அச்சாகியிருக்கிறது, அதைப் படிக்கத்தான் ஆளில்லை. மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறி இறங்கிய வியர்வையோடு வந்து நின்றார். “மேடம், லைன் நல்லா இருக்கு. எல்லா மாடியிலயும் பார்த்துட்டேன்.” “விட்டு விட்டு வருதான்னு பாருங்க.” “விட்டுல்லாம் வரல மேடம்.” “அப்ப இன்னொரு தடவை பாருங்க.” அவர் மறுபடி படியேறப் போனார். நல்ல மனுஷன்தான், எதிர்த்துப் பேசத் தெரியாதவர், எதிர்த்துப் பேசத் தெரியாதவர் தலையில் எதைக் கட்டினாலும் நிற்கும் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்... மேனேஜர் வேறு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். பேன்ட் பையில் சாவிக்கொத்தைக் கிலுக்கிக்கொண்டே நிற்பது அவர் வழக்கம், கோபம் வந்தால் கிலுக்கல் வேகமாகும், வார்த்தை ஏறாது. “என்ன ஆச்சு?” “நெட்வொர்க் சார். அவர் பார்த்துக்கிட்டிருக்கார்.” வாய் கூசாமல் சொன்னாள். கூசுவதற்கு அந்த நேரத்தில் காரணமும் இல்லை, நம்பித்தான் சொன்னாள், நம்பிச் சொன்னது பொய்யாகுமா... மேலே நர்ஸுகள் கையால் எழுதிக்கொண்டிருக்கிறார்களாம், ஒரு குழந்தையின் ரத்தப் பரிசோதனை முடிவுக்காக டாக்டர் ஆளை ஓடவிட்டிருக்கிறாராம், மேனேஜர் சொல்லச் சொல்ல கிலுக்கல் ஏறியது. முறையாக நிறுத்து என்று சர்வருக்குக் கட்டளை கொடுத்தாள். முறையாக என்றால் உள்ளே இருக்கிற ஒவ்வொருவரும் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பும்வரை அது காத்திருக்கும். யாரும் கிளம்புவதாக இல்லை. சாவி கிலுங்கிக்கொண்டேயிருந்தது. அவள் எழுந்து சர்வர் அறைக்குப் போனாள், அந்தக் குளிரில் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்கிறவரைக்கும். புதிதாக வேலைக்குச் சேருகிற யாரிடமும் முதல் நாளே அவள் சொல்லுகிற விஷயம், என்ன நடந்தாலும் அந்தப் பொத்தானைத் தொடாதே, வீடு பற்றி எரிந்தாலும் தொடாதே. தொட்டாயிற்று.

சர்வர் எழுந்து வந்தது. வந்ததும் மாடிக்கு மாடி ஒரு ஆரவாரம், மேனேஜர் சாவியை நிறுத்திவிட்டு, “நீங்க இல்லன்னா இந்த ஆஸ்பத்திரி என்ன கதியாகும்” என்றார், அவளும் ஒரு சிரிப்புச் சிரித்தாள், அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் எழுந்து வந்ததாலேயே உடம்பு சரியாக இருக்கிறதென்று அர்த்தமில்லை, எழுதிக்கொண்டிருந்த கையைப் பாதியில் வெட்டியது மாதிரி நிறுத்தியிருக்கிறாள், எந்த எழுத்து எங்கே பாதியில் நிற்கிறதோ. பழுது பார்க்கிற சோதனையை ஓடவிட்டாள். அது ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, எழுதும்போது போட்ட கூட்டுத்தொகையும் இப்போது போட்டால் வருகிற கூட்டுத்தொகையும் ஒன்றுதானா என்று பார்க்கும். மருந்து இருப்பு, சரி. ரத்தப் பரிசோதனை முடிவுகள், சரி, அந்த வரியைப் பார்த்தபிறகுதான் மூச்சே வந்தது. காய்ச்சலும் நாடித்துடிப்பும் எழுதுகிற அட்டவணை... அங்கே நின்றது. ஒரு பக்கம் கெட்டிருக்கிறது. ஒரே ஒரு பக்கம். மூன்றாம் மாடி, பெண்கள் அறுவைச் சிகிச்சை வார்டு. ஆயிரக்கணக்கான பக்கம் இருக்கிற இடத்தில் போயும் போயும் அதுவா? ஆனால் அதைப் பற்றி யோசிக்க மனம் இடம் கொடுக்கவில்லை, மனம் அந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்ளும், நாலு நாளாக நடந்துகொண்டுதான் வருகிறது. முதலில் காரணம், பிறகு பழுது. காரணம் கிடைக்காமல் விட்டால் நாளைக்கும் இதே கூத்துதான். இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று டேட்டாபேஸைக் கேட்டாள். நாகரிகமான கூட்டம், வந்தார்கள், கேட்டார்கள், போனார்கள். ஒரு ஆசாமி மட்டும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அதே ஆசாமி இன்னொரு இணைப்பையும் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு இடத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு மூன்று. ஒரு வேலையும் செய்யவில்லை, சும்மா, காலை நீட்டிக்கொண்டு, நிர்வாகி கடவுச்சொல்லில் நுழைந்துகொண்டு. வாடா மகனே, மாட்டினாயா, யாருடைய முட்டாள்தனம் இது, திறந்தால் மூட வேண்டும் என்கிற அடிப்படை அறிவுகூட இல்லாமல் யாரை வேலைக்கு எடுக்கிறார்கள், அச்சு இயந்திரத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறாளே, திறந்த இணைப்பை மூடவும் என்று. அந்த ஆசாமி எந்தக் கணினியிலிருந்து வருகிறார் என்று முகவரி எண்ணைப் பார்த்தாள். தெரிந்த எண் மாதிரியிருந்தது. எங்கேயோ தினமும் பார்க்கிற எண்... ஒவ்வொரு கணினியின் விளிம்பிலும் அதன் எண்ணை எழுதிச் சின்னதாக ஒரு காகிதம் ஒட்டுவது கேபிள்காரரின் வேலை, அவருடைய கையெழுத்து அச்சடித்தது போலிருக்கும். அவள் கண் திரையிலிருந்து மெல்லக் கீழே இறங்கி அந்தக் காகிதத்தில் போய் நின்றது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அப்போது பார்த்துத் திரையின் வலது மூலையில் அந்தச் சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. புதிய பதிவு. காய்ச்சல் 99.4.

அக்காவின் காய்ச்சல்.

நாலு நாளுக்கு முன்னால் எழுதினாள், சின்ன ஸ்கிரிப்ட், தானாக ஓடுகிற ஒரு நிரல், கால் மணி நேர வேலை. நிமிஷத்துக்கு ஒரு தடவை உள்ளே போய் அந்த ஒரு நோயாளியின் பெயரில் ஏதாவது புதிதாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வா, இருந்தால் பெட்டியில் காட்டு, காட்டிவிட்டு இணைப்பை மூடு. புதிதாக ஒன்றுமில்லையென்றால் திரும்பிவிடு. இப்போது திறந்து படிக்கிறபோது கண்ணைக் குத்துகிறது, அந்தத் ‘திரும்பிவிடு’ மூடுகிற வரிக்கு மேலே இருக்கிறது. சேதி இருந்தால் கதவைச் சாத்திவிட்டு வரும், சேதி இல்லாத ஒவ்வொரு நிமிஷமும் கதவைத் திறந்து போட்டுவிட்டு வரும். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு நிமிஷத்துக்கு நிமிஷமா சேதி வரும்? முதல் மூன்று நாள் சாயங்காலம் கணினியை அணைத்துவிட்டுப் போனதால் தப்பித்தது. நேற்று அக்காவுக்குக் காய்ச்சல் நூறைத் தாண்டியது, அதனால் அணைக்கவில்லை, வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கலாமென்று ஓடவிட்டுப் போனாள், அது விடிய விடியத் திறந்து திறந்து போட்டுக் காலையில் ஆஸ்பத்திரிக்கே இடமில்லாமல் செய்துவிட்டது. பாசம். வெளியில் சொன்னால் அப்படித்தான் சொல்ல வேண்டும், அக்காமேல் அவ்வளவு பாசம். மூன்று மாடி ஏறிப் போய்ப் பார்க்க முடியாத பாசம்.

ஏன் போகவில்லை? போனாள். போகவில்லை என்று யார் சொன்னது, ஆபரேஷன் நடந்த அன்றைக்குப் போனாள். பித்தப்பை பழுத்து வெடிக்கிற நிலைமையில் கொண்டுவந்து போட்டார்கள், அத்தான் கப்பலில் வேலை, கரைக்கு வர மாசம் ஆகும், அம்மாவுக்கு முழங்கால் வலி, அக்காவின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு கிடக்கிறாள், ஆகவே ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிற சின்னவள் இருக்கும்போது என்ன கவலை என்று எல்லோருமாகத் தீர்மானித்துவிட்டார்கள். சின்னவளும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான் பார்த்துக்கிறேன் என்றாள். வார்டு வாசல்வரை போனாள். தள்ளுபடுக்கையில் அக்காவைக் கொண்டுவந்தார்கள், வாய் திறந்திருந்தது, மூக்கில் குழாய், கன்னம் உள்ளே விழுந்து, வீட்டில் நாலு பேரை ஒரு அதட்டில் உட்கார வைக்கிற அக்கா, அது அக்காவே இல்லை, யாரோ வயதான பெண்பிள்ளை... அவள் திரும்பி நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள், கையில் இருந்த பையைக்கூட யாரிடமும் கொடுக்காமல். அன்று சாயங்காலம் அம்மா போனில் கேட்டாள், “போனியா? பார்த்தியா? எப்படி இருக்கா?” “பார்த்தேன்மா, நல்லா இருக்கா, முழிச்சுப் பார்த்தா.” பதிவில் இருந்தது, நோயாளி கண் விழித்தார் என்று. மறுநாள் போயிருக்கலாம். ஆனால் மறுநாள் போனால் ஏன் நேற்று வரவில்லை என்கிற கேள்வி வரும், அதற்கு மறுநாள் போனால் இரண்டு நாள் கணக்குச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு நாளும் போகாததே அடுத்த நாள் போகாததற்குக் காரணமாகிவிட்டது. அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள், வந்தேன், நீ தூங்கிட்டிருந்தே, எழுப்பல. அத்தான் கப்பலிலிருந்து விட்டு விட்டு வருகிற குரலில் கூப்பிட்டால் அவருக்கு இன்னும் விவரமாகக் கிடைக்கும், இன்று காய்ச்சல் இவ்வளவு அத்தான், நாடி இவ்வளவு, மத்தியானம் சூப் முழுக்கக் குடித்தாள், நானே பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தேன். சாப்பாட்டுத் தட்டை எடுக்க வருகிறவர் ‘முழுவதும் சாப்பிட்டார்’ என்று பதிவு செய்திருந்தார், அதிலிருந்து எடுத்து, கொஞ்சம் கை வண்ணம் சேர்த்து. “நீ இருக்கிற தைரியத்துலதான் நான் இங்க நிம்மதியா இருக்கேன்மா” என்று அத்தான் தழுதழுத்தார். இது வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும், நிஜமாகவே கப்பலேறி அத்தானிடமே போய்ச் சேர்ந்துவிடும்.

ஸ்கிரிப்டை நிறுத்தினாள். உட்கார்ந்திருந்த ஆசாமிகளை ஒவ்வொருவராக வெளியேற்றினாள், எல்லோரும் அவளே. இப்போது எல்லாம் சுத்தம், ஒருவரும் எதுவும் கண்டுபிடிக்கப்போவதில்லை, இந்தக் கட்டடத்தில் அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். லைன் கோளாறு, சரிசெய்யப்பட்டது, என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. முடிந்ததா? மேனேஜர் அறையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். போனால் அங்கே கேபிள்காரர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார், மடிக்கணினியைக் கக்கத்திலிருந்து எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வெளியே நிற்க வைத்த பிள்ளை மாதிரி. மேனேஜர் சாவியைக் கிலுக்கவில்லை, மேஜைமேல் வைத்திருந்தார், அது இன்னும் மோசம். “மேடம், இவர் லைன் சரியா இருந்துச்சுங்கிறார். நீங்க லைன்தான்னீங்க. ஒருத்தர் சொல்றதுதானே உண்மையா இருக்க முடியும்? மேலிடத்துக்கு யார் பேரை எழுதுறது?” கேபிள்காரர் அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். அந்தத் தரையில் பார்க்க ஒன்றுமில்லை, அவள் பொய் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டாமே என்கிற மரியாதைதான் அது, அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது. “அவரில்ல சார். என்னோட ஸ்கிரிப்ட் ஒண்ணு. இணைப்பை மூடாம விட்டுட்டேன். ராத்திரி முழுக்க ஓடியிருக்கு.” சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு ஒரு கணம் உடம்பு லேசானது, அப்பாடா என்று இருந்தது, மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்றுகூட வாய் திறந்தது. அதற்குள் மேனேஜர், “என்ன ஸ்கிரிப்ட்? ஏதாவது டெஸ்டிங்கா?” என்று கேட்டார். நல்ல மனதோடு கேட்டார், விழப்போகிற ஆளுக்கு நாற்காலியை நகர்த்திப் போடுகிற மாதிரி. அவளும் உட்கார்ந்துவிட்டாள். “ஆமா சார். டெஸ்டிங்.” “சரி, உங்களுக்கே இப்படின்னா... எழுதிக் குடுத்துடுங்க.” வெளியே வந்ததும் கேபிள்காரர் அவள் கூடவே நடந்தார். “தேங்க்ஸ் மேடம். வேற யாராவதா இருந்தா என் தலையில கட்டிட்டுப் போயிருப்பாங்க.” காலையிலிருந்து யார் கட்டினார்களாம்? அவருக்குத் தெரியாதா, தெரியும், தெரிந்தும் இப்படிச் சொல்கிறவரிடம் என்ன பேசுவது. “உங்களைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்” என்று முணுமுணுத்தாள். “அது இருக்கட்டும் மேடம், அந்த நேரத்துக்கு எல்லாருக்கும் அப்படித்தான் தோணும்” என்று அவர் அதையும் ஒதுக்கிவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

இனி பழுது. கெட்டுப்போன பக்கத்தில் இருந்ததைப் பேக்கப் நகலிலிருந்து பெரும்பாலும் மீட்டுவிட்டாள், பேக்கப் எடுத்த பிறகு வார்டில் எழுதப்பட்டது மட்டும் மிச்சம், அது வேறெங்கும் இல்லை, கட்டிலின் கால்மாட்டில் நர்ஸுகள் தொங்கவிட்டிருக்கிற தாளில் மட்டும்தான் இருக்கும். யாராவது மேலே போய்க் கட்டில் கட்டிலாகப் பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். “நான் போயிட்டு வரேன் மேடம், நீங்க காலையிலேருந்து எழுந்திரிக்கவே இல்ல” என்றார் கேபிள்காரர். போகட்டுமே. அவர் போனால் வேலையும் முடியும், அவளும் இங்கேயே... ஆனால் அக்கா படுத்திருக்கிற ஏழாம் கட்டில் தாளின் தலைப்பில் துணைக்கு இருப்பவர் என்கிற இடத்தில் அவள் பெயரும் அவள் போன் நம்பரும் இருக்கும், அவர் படிப்பார், அச்சடித்த மாதிரி எழுதுகிற மனிதர் ஒன்றுவிடாமல் படிப்பார், டெஸ்டிங் என்ன டெஸ்டிங் என்று அவருக்குப் புரியும். “இல்ல, நானே போறேன்” என்றாள். தைரியத்தால் போகவில்லை. அக்காவைப் பார்க்க வேண்டுமென்றும் போகவில்லை. பிடிபட்டுவிடுவோம் என்கிற பயத்தில்தான் நாலு நாளாக ஏறாத படியில் கால் வைத்தாள், இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று படிக்குப் படி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். லிஃப்ட் இருந்தது. படியிலேயே போனாள், நேரமாகட்டும் என்று.

வார்டில் பினாயில் வாசனையும் மத்தியானச் சாப்பாட்டு வாசனையும் கலந்து நின்றன. மேஜையிலிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். “யாரைப் பார்க்கணும்? பேஷண்டுக்குச் சொந்தமா?” “இல்ல சிஸ்டர், கம்ப்யூட்டர் செக்ஷன். சிஸ்டத்துல கொஞ்சம் விட்டுப்போச்சு, எழுதிட்டுப் போக வந்தேன்.” சரளமாக வந்தது. இல்லை என்கிற வார்த்தை இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. முதல் கட்டில், இரண்டாவது, எழுதினாள். மூன்றாவதில் ஒரு பெண் அவளைப் பார்த்துச் சிரித்தார், பதிலுக்குச் சிரித்தாள். நான்கு, ஐந்து, ஆறு. ஏழு ஜன்னலோரம். தலைமாட்டைப் பார்க்காமல் கால்மாட்டில் நின்று தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள், போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் பார்வையில் பட்டன, இடது பெருவிரல் கொஞ்சம் கோணலாக, எப்போதும் அப்படித்தான். எழுதிவிட்டுப் போய்விடலாம். தூங்கிக்கொண்டிருப்பாள். தூங்கினால் வந்தேன், நீ தூங்கிட்டிருந்தே என்பது இன்றைக்காவது உண்மையாகும்...

“சிஸ்டர், அது என் தங்கச்சி.”

அக்காவின் குரல்தான், பாதி காற்றாக இருந்தது. நர்ஸ் எழுந்து வந்தார். “அட, நீங்களா? சொல்லவே இல்லையே. இத்தனை நாளா நான் பார்த்ததே இல்லையே உங்களை.” அவளுக்குக் காது சூடேறியது, பேனா தாளிலேயே நின்றது, இதோ முடிந்தது, இப்போது தெரிந்துவிடும், தெரியட்டும்... “தினமும் வந்துட்டுத்தான் போறா சிஸ்டர்” என்றாள் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டு. “நான் தூங்குற நேரமாப் பார்த்து வருவா. எழுப்பிடக் கூடாதாம்.” “குடுத்து வச்சவங்க நீங்க” என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அக்கா நம்பிவிட்டாள், நாலு நாள் செய்தியையும் அப்படியே நம்பிக்கொண்டு படுத்திருக்கிறாள், பாவம், என்று நினைத்து நிமிர்ந்தவள் அக்காவின் கண்ணைப் பார்த்தாள். நம்பின கண் அது இல்லை.

“உக்காரு சின்னவளே. எதுக்கு நிக்குறே.” உட்கார்ந்தாள். முகம் அன்றைக்குப் பார்த்ததைவிடத் தேவலை, குழாய் இல்லை, கன்னம் மட்டும் அப்படியேதான். என்ன பேசுவது? எண்ணெல்லாம் தெரியும், நாடி தெரியும், நேற்று எத்தனை மணிக்கு ஊசி போட்டார்கள் என்று தெரியும். பேச ஒன்றும் தெரியவில்லை. அக்காவேதான் பேசினாள், குரலைத் தணித்து, சின்ன வயதில் அம்மாவுக்குத் தெரியாமல் ஏதாவது செய்யும்போது பேசுகிற அதே குரலில். “நேத்து அத்தான்கிட்ட சூப் குடுத்தேன்னு சொன்னியாமே. அவர் கேட்டதுக்கு நானும் ஆமா, குடிச்சேன்னு சொல்லிட்டேன்.” “குடிக்கலியா?” “அதைப் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குக் குடுத்துட்டேன். வாசனையே ஆகல.” கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். “அப்புறம் அம்மா கேட்டாங்க. நீ வந்து தலை பின்னி விட்டேன்னு சொல்லியிருக்கேன். உன்கிட்டக் கேட்டா மாத்திச் சொல்லிடாதே.”

தலை பின்னவில்லை. நாலு நாளாக யாரும் பின்னவில்லை, தலையணையில் ஒரு பக்கமாக அமுங்கிச் சிக்குப் பிடித்துக் கிடந்தது, நெற்றியில் ஒரு கற்றை வியர்வையோடு ஒட்டியிருந்தது. வலியில் கிடந்துகொண்டு அக்கா அவளுக்காக ஒரு பொய் யோசித்திருக்கிறாள், அவள் செய்திருக்கக்கூடியதில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து. தான் யோசித்த சூப்பைவிட அது எவ்வளவு நல்ல பொய் என்று நினைத்ததும் அவளுக்கு வெட்கத்தில் அழக்கூட உரிமையில்லை என்று பட்டது, இங்கே அழுதால் அக்காதான் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும், அந்த வேலையையும் அவளுக்கு வைப்பதா. மன்னிச்சுக்கோ என்று சொல்லலாம். சொன்னால் அக்கா எதுக்கு என்பாள். எதுக்கு என்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது... பேனாவைத் தாளின்மேல் வைத்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள், ஒதுக்கின கை அப்படியே நெற்றிமேல் நின்றுவிட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

“என்ன, சுடுதா?”

நாலு நாளாக இதே கேள்விக்குத்தான் அம்மாவுக்கும் அத்தானுக்கும் தசமப் புள்ளி வைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது உள்ளங்கைக்குக் கீழே ஒரு சூடு இருந்தது. அது அதிகமா, இல்லை அக்காவின் நெற்றியே இப்படித்தான் இருக்குமா, படியேறி வந்த தன் கைதான் சூடாக இருக்கிறதா, கடைசியாக இந்த நெற்றியைத் தொட்டது எப்போது, அப்போது எப்படி இருந்தது, ஒன்றுமே ஞாபகத்துக்கு வரவில்லை. மடியில் கிடந்த தாளில் எண் இருந்தது, திருப்பினால் தெரிந்துவிடும். அவள் திருப்பவில்லை.

“தெரியலக்கா” என்றாள்.